பந்தி இடைவெளி பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது: லேடெக்கில் அதை எங்கே பார்ப்பது?

கல்முனையில் அச்சகம் ஒன்றில் பக்கம் அமைக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடல்களையும் அவற்றின் விளக்கத்தையும் சேர்த்து ஒரு புத்தகம் செய்கிறார், வைகாசிச் சடங்குக்கு முன் கையில் கிடைக்க வேண்டும். பக்கம் அமைக்கும் மென்பொருளான லேடெக்கின் சீலேடெக் வடிவம், புத்தகங்களுக்கான புக் வகுப்பு, 12 புள்ளி எழுத்து, 18 புள்ளி வரி இடைவெளி, எழுத்துப் பகுதியின் உயரம் 600 புள்ளி. ஒரு பக்கத்தில் பந்திகளுக்கிடையில் இடைவெளியே இல்லாததுபோல் இருக்கிறது, அடுத்த பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து அளந்தால் 4 மில்லிமீற்றருக்குமேல் வருகிறது. பந்தி இடைவெளியைக் குறிக்கும் கட்டளையான \பார்ஸ்கிப்பின் மதிப்பை அச்சிட்டுப் பார்த்தால் எல்லாப் பக்கத்திலும் ஒரே விடை: 0.0 புள்ளி பிளஸ் 1.0 புள்ளி. "அளவு ஒன்றாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் இப்படி?" என்பதுதான் அவருடைய கேள்வி.

கட்டளைகளின் பெயரை நான் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது பேக்ஸ்லாஷுக்குப் பின்னால் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் சேர்த்துத் தட்டுங்கள்.

தம்பி, நீங்கள் அச்சிட்டுப் பார்த்தது அந்த இடைவெளிக்குக் கொடுக்கப்பட்ட அனுமதியை. பக்கத்தில் உண்மையில் விழுந்த அளவு அது இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன, பார்க்கும் வழியும் வேறு. \பார்ஸ்கிப்பை எத்தனை முறை அச்சிட்டாலும் முதலாவதுதான் தெரியும்.

டொனால்ட் குனூத் 1970களின் கடைசியில், லேடெக்கின் அடித்தளமான டெக்கை எழுதத் தொடங்கியபோதே இடைவெளிகளை இப்படித்தான் அமைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் குளூ. லேடெக் கையேடுகளில் இறப்பர் நீளம் என்று பார்த்திருப்பீர்கள், இரண்டும் ஒன்றுதான். ஒவ்வொரு குளூவுக்கும் மூன்று பங்கு உண்டு: இயல்பான அளவு, பிளஸ் என்ற நீட்சி, மைனஸ் என்ற சுருக்கம். உங்கள் \பார்ஸ்கிப் இயல்பில் பூச்சியம், நீட்சி 1 புள்ளி, சுருக்கம் இல்லை. பக்கம் நிரம்பாமல் 12 புள்ளி குறைகிறது என்றால் அந்தப் பக்கத்தில் இருக்கும் குளூக்கள் எல்லாம் தங்கள் தங்கள் பிளஸ் அளவுக்கு ஏற்ப அந்தக் குறையைப் பங்கு போட்டுக்கொள்ளும், வட்டைக்குள் காணியின் அளவுக்கு ஏற்ப வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுவதுபோல. பலர் தவறவிடும் இடம் இது: பிளஸ் 1 புள்ளி என்றால் 1 புள்ளிக்கு மேல் நீளாது என்று அர்த்தம் இல்லை. வேறு வழி இல்லாவிட்டால் டெக் அதை 3 மடங்கும் நீட்டும், 12 மடங்கும் நீட்டும், நீட்டிவிட்டு, ஓட்டத்தின் குறிப்புகள் பதியும் லொக் கோப்பில் ஒரு வரி முறைப்பாடு எழுதிவைக்கும். சுருக்கம் அப்படி இல்லை. மைனஸில் சொன்ன அளவுக்குக் கீழே ஒருபோதும் போகாது.

சரி, முதலில் அனுமதியைச் சரியாகப் பார்ப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன்.

\ஷோத\பார்ஸ்கிப் என்று எழுதினால் ஓட்டம் அந்த இடத்தில் நின்று, திரையில் மதிப்பைக் காட்டும், எண்டர் தட்டினால் தொடரும். நிற்க வேண்டாம் என்றால் \டைப்அவுட்டுக்குள் \த\பார்ஸ்கிப் என்று கொடுங்கள், திரையிலும் லொக்கிலும் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஓவர்லீஃப் போன்ற இணையச் சேவையில் \ஷோத போட்டாலும் நிற்காது, லொக்கைத் திறந்து தேட வேண்டியதுதான். நீங்கள் செய்ததுபோல வெறும் \த போட்டு மதிப்பைப் பக்கத்திலேயே அச்சிடுவதை நான் விரும்புவதில்லை. ஒன்று, அதுவே ஒரு வரியாகிப் பக்கத்தின் அமைப்பைக் குழப்பும். இன்னொன்று நமக்கே உரியது: தமிழ் எழுத்துருக்களில் பலவற்றில் ஆங்கில எழுத்தே இருக்காது, அதனால் பிளஸ், மைனஸ், அலகு எல்லாம் வெற்றுக் கட்டமாகவோ ஒன்றுமே இல்லாமலோ விழுந்து, பாதி மதிப்பை மட்டும் பார்த்து நாம் ஏமாறுவோம்.

எந்த இடத்தில் நின்று பார்க்கிறீர்கள் என்பது இதைவிட முக்கியம். கோப்பின் தலைப்பகுதியில், அதாவது ஆவணம் தொடங்கும் கட்டளைக்கு முன்னால், பார்க்கும் மதிப்பு ஆவணம் தொடங்கியதும் மாறக்கூடும், ஏனென்றால் ஆவணம் தொடங்கும்போது \நோர்மல்சைஸ் ஓடுகிறது, அது வரி இடைவெளியான \பேஸ்லைன்ஸ்கிப்பையும் சமன்பாட்டைச் சுற்றியுள்ள இடைவெளிகளையும் திரும்ப எழுதிவிடும். தலைப்பகுதியில் \பேஸ்லைன்ஸ்கிப்பை மாற்றிவிட்டு "மாறவே இல்லை" என்று மண்டையை உடைப்பவர்கள் எத்தனையோ பேர். அதேபோல, பாடல்களுக்கு நீங்கள் பயன்படுத்தும் வெர்ஸ் சூழலுக்கு உள்ளே நின்று \பார்ஸ்கிப்பைக் கேட்டால் வெளியே வந்த விடை வராது. அது உள்ளுக்குள் ஒரு பட்டியல், அங்கே \பார்ஸ்கிப்பின் இடத்தில் \பார்செப் உட்கார்ந்திருக்கும், 12 புள்ளி வகுப்பில் அது 5 புள்ளி பிளஸ் 2.5 மைனஸ் 1. பாடலுக்கு மேலும் கீழும் வருவது \டொப்செப், 10 புள்ளி பிளஸ் 4 மைனஸ் 6. ஆகவே எந்த இடைவெளி உறுத்துகிறதோ அந்த இடத்திலேயே கட்டளையைப் போட்டுப் பாருங்கள்.

இனி உண்மையில் விழுந்த அளவு. இதற்குத் தலைப்பகுதியில் \லொகிங்அவுட்புட் என்ற ஒரே கட்டளை போதும். அச்சுக்குப் போகும் ஒவ்வொரு பக்கத்தையும் பெட்டி பெட்டியாகப் பிரித்து லொக் கோப்பில் எழுதிவிடும். \ஷோஅவுட்புட் போட்டால் திரையிலும் கொட்டும், அது வேண்டாம், நூறு பக்கப் புத்தகத்தில் திரை ஓடிக்கொண்டே இருக்கும். சந்தேகமான ஒரு அத்தியாயத்தை மட்டும் தனியாக ஓடவிட்டால் லொக்கும் கைக்கடக்கமாக இருக்கும்.

லொக்கைத் திறந்ததும் பயந்துவிடாதீர்கள். தேட வேண்டியது உயரம் 600.0 என்று போட்ட பெட்டியை. பெட்டிக்குள் பெட்டியாக அதே உயரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கும், எதற்கு நேர் கீழே \குளூ(\டொப்ஸ்கிப்) வருகிறதோ அதுதான் நம் எழுத்துப் பகுதி. அதன் தலைவரி இப்படி இருக்கும்:

\விபொக்ஸ்(600.0+0.0)×345.0, குளூ செட் 3.0

அதற்குக் கீழே, பந்தி மாறும் இடத்தில்:

\குளூ(\பார்ஸ்கிப்) 0.0 பிளஸ் 1.0

இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். குளூ செட் என்பது அந்தப் பெட்டிக்கு மட்டும் உரிய விகிதம். 3.0 என்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு குளூவின் பிளஸ்ஸையும் 3 ஆல் பெருக்கி இயல்பு அளவோடு கூட்டுங்கள். பார்ஸ்கிப் 0 கூட்டல் 3, ஆகவே 3 புள்ளி. அதே பெட்டியில் 10 பிளஸ் 4 என்று ஒன்று இருந்தால் அது 22 புள்ளி. விகிதத்துக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் பெட்டி சுருங்கியிருக்கிறது, அப்போது மைனஸைப் பெருக்கிக் கழியுங்கள்: குளூ செட் - 0.5 என்ற பக்கத்தில் 10 மைனஸ் 6 என்ற இடைவெளி 7 ஆகியிருக்கும். எண்ணுக்குப் பின்னால் ஃபில் என்று ஒட்டியிருந்தால் அங்கே முடிவிலி நீட்சி கொண்ட குளூ ஒன்று இருக்கிறது, குறை முழுவதையும் அதுவே விழுங்கிவிடும், சாதாரண பிளஸ்கள் அசையாது. ஃபில்லுக்கு மேலே இன்னும் இரண்டு படி உண்டு. இருப்பதில் உயர்ந்த படிதான் நீளும், மற்றவை சும்மா இருக்கும்.

உள்ளே \குளூ(\பேஸ்லைன்ஸ்கிப்) என்று வரும் எண்கள் 18 ஆக இல்லாமல் 6, 7 என்று வரிக்கு வரி மாறுவதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். மேல்வரியின் ஆழத்தையும் கீழ்வரியின் உயரத்தையும் 18 இல் கழித்த மிச்சம்தான் அங்கே எழுதப்படுகிறது.

இப்போது உங்கள் புத்தகத்தின் கணக்கு. முதல் வரிக்கு \டொப்ஸ்கிப் 12 புள்ளி, அதற்குப் பிறகு ஒவ்வொரு வரிக்கும் 18. 33 வரி வைத்தால் 12 கூட்டல் 32 பெருக்கல் 18, மொத்தம் 588. இன்னொரு வரி வைத்தால் 606, உங்கள் 600 ஐத் தாண்டிவிடும், சுருங்கவும் எதுவும் இல்லை. ஆகவே வெறும் உரைநடையாக உள்ள ஒவ்வொரு பக்கமும் பிறக்கும்போதே 12 புள்ளி குறையோடு பிறக்கிறது. புக் வகுப்பு இருபக்க அச்சுக்கானது என்பதால் இயல்பாகவே \ஃப்ளஷ்பொட்டம், அதாவது கடைசி வரி எல்லாப் பக்கத்திலும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அந்த 12 புள்ளியை எங்கேயாவது போட்டாக வேண்டும், போடுவதற்கு இருக்கும் இடம் பந்தி இடைவெளி மட்டும்.

பக்கத்தில் 12 பந்தி மாற்றம் இருந்தால் தலைக்கு 1 புள்ளி, கண்ணுக்கே தெரியாது. 4 மாற்றம் இருந்தால் தலைக்கு 3 புள்ளி, கூர்ந்து பார்த்தால் தெரியும், லொக்கில் அண்டர்ஃபுல் \விபொக்ஸ், பேட்னெஸ் 2698 என்று முறைப்பாடு இருக்கும். (பேட்னெஸ் என்பது ஏறக்குறைய விகிதத்தின் கனத்தை 100 ஆல் பெருக்கியது, 1000 ஐத் தாண்டினால்தான் இயல்பில் எழுதும்.) ஒரே ஒரு பந்தி மாற்றம் இருக்கும் பக்கத்தில் 12 புள்ளியும் அங்கேயே விழும், பேட்னெஸ் உச்சமான 10000. 12 புள்ளி என்பது 4.2 மில்லிமீற்றர். உங்கள் அடிமட்டம் காட்டியது இதைத்தான். நீளமான விளக்கப் பந்திகள் உள்ள பக்கங்கள்தான் அசிங்கமாக இருக்கின்றன, துண்டு துண்டான பந்திகள் உள்ள பக்கங்கள் நன்றாக இருக்கின்றன என்று பார்த்திருப்பீர்களே, காரணம் இது. பாடல் உள்ள பக்கங்கள் தப்பிவிடுவதற்குக் காரணம் \டொப்செப்பில் நீளவும் சுருங்கவும் தாராளமாக இடம் இருப்பது.

தீர்வு \பார்ஸ்கிப்பில் கை வைப்பது இல்லை. உயரத்தை 12 கூட்டல் 33 பெருக்கல் 18, அதாவது 606 ஆக்குங்கள். 34 வரி அச்சொட்டாகப் பொருந்தும், உரைநடைப் பக்கங்களில் குறை என்ற ஒன்றே இருக்காது. ஜியோமெட்ரி பொதியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஹைட்ரவுண்டட் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் இந்தக் கணக்கை அதுவே செய்துவிடும். அப்புறமும் சில பக்கங்களில் மிச்சம் வரும்: தனி வரி பக்கத்தின் தலையிலோ காலிலோ அநாதையாக நிற்கக் கூடாது என்று நீங்கள் கடுமையாகத் தடுத்திருந்தால் ஒரு வரி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும், 18 புள்ளி காலியாகும். அப்படிப்பட்ட பக்கங்களைக் கையால் கவனியுங்கள், ஒரு பந்தியை ஒரு வரி கூட்டியோ குறைத்தோ ஓட வைத்தால் போதும். அதற்கு நேரம் இல்லை என்றால் \ரெகெட்பொட்டம். பக்கத்தின் அடியில் மிகச் சிறிய ஒரு ஃபில் குளூவை அது வைக்கிறது, குறை எல்லாம் அடியில் போய்த் தங்கும், லொக்கிலும் விகிதத்துக்குப் பக்கத்தில் ஃபில் தெரியும். எதிரெதிர்ப் பக்கங்களின் கடைசி வரி ஒரே மட்டத்தில் நிற்காது, ஆனால் பந்திகள் ஒழுங்காக இருக்கும். பாடல் புத்தகத்துக்கு அது குறை இல்லை என்பது என் எண்ணம், பாடல் எங்கே முடிகிறதோ அங்கே பக்கம் முடியலாம். இடையிடையே \விஸ்பேஸ் போட்டுக் கண்ணால் சரிசெய்யும் வேலையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு சொல் திருத்தம் வந்தாலே அத்தனையும் இடம் மாறிப்போகும்.

இதோடு தமிழுக்கென்றே ஒன்றைப் பார்க்கச் சொல்கிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். லொக்கில் \குளூ(\லைன்ஸ்கிப்) 1.0 என்று தேடுங்கள். சீலேடெக்கை இயக்கும் சீடெக் இயல்பில் ஒவ்வொரு எழுத்தின் உண்மையான உயரத்தையும் ஆழத்தையும் கணக்கில் எடுக்கிறது. மேல்வரியில் ஞூ, ழூ போன்று கீழே இறங்கும் எழுத்தும் அதற்கடுத்த வரியில் கீ, ணீ போன்று மேலே எழும் எழுத்தும் வந்து, இரண்டின் கூட்டுத்தொகை வரி இடைவெளியைத் தாண்டிவிட்டால், டெக் பேஸ்லைன்ஸ்கிப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு வரிகளுக்கிடையில் 1 புள்ளி வெளி வைக்கும். அந்த இரண்டு வரி மட்டும் விலகி நிற்கும், பக்கக் கணக்கும் அதனால் குழம்பும். 12 க்கு 18 என்ற தாராளமான அளவில் இது பெரும்பாலும் வராது. ஆனால் புத்தகத்தின் பக்கத்தைக் குறைக்கச் சொல்லி 14, 15 என்று இறுக்கினால் வரும், அடிக்குறிப்புகளிலும் வரும். \லைன்ஸ்கிப்லிமிட்டுக்கு எதிர்க்குறியோடு \மேக்ஸ்டிமெனைக் கொடுத்தால் இந்த மாற்றமே நடக்காது. அதற்குப் பிறகு எழுத்துகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று அச்சுப்படியில் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

சொல்லிடைவெளியையும் இதே முறையில் வாசிக்கலாம். அதன் மூன்று பங்கும் எழுத்துருவோடு வருகின்றன: \ஃபொண்ட்டிமென் 2 இயல்பு, 3 நீட்சி, 4 சுருக்கம். சீடெக் எழுத்துருவின் வெற்றிடத்தின் அகலத்தை எடுத்து, அதில் பாதியை நீட்சியாகவும் மூன்றில் ஒன்றைச் சுருக்கமாகவும் வைக்கிறது, ஆகவே 3 புள்ளி வெற்றிடம் என்றால் லொக்கில் 3.0 பிளஸ் 1.5 மைனஸ் 1.0 என்று இருக்கும். தமிழில் சொற்கள் நீளம், வரிக்கு நாலைந்து வெற்றிடம்தான் கிடைக்கும், ஒவ்வொன்றும் சுமக்கும் பாரம் பெரிது. வெற்றிடங்களைத் தாராளமாக நீட்ட அனுமதிக்கும் \ஸ்லொப்பி போட்டிருக்கும் ஆவணத்தில் ஒரு வரியின் தலையில் குளூ செட் 2.1 என்று கண்டால் அந்த வரியின் வெற்றிடம் ஒவ்வொன்றும் 6.15 புள்ளி, இரண்டு மடங்குக்கு மேல். பேட்னெஸ் 1000 க்கு உள்ளேதான் என்பதால் ஒரு முறைப்பாடும் வராது. வரிகளுக்கான முறைப்பாட்டு எல்லையான \எச்பேட்னெஸ்ஸை 100 ஆக்கிவிட்டு ஓட்டுங்கள், இப்படிப்பட்ட வரிகள் எல்லாம் வெளியே வரும். மொழிகளுக்கான பொதியான பொலிகுளோசியாவில் தமிழைத் தெரிவுசெய்தால் தமிழ்ச் சொல்லை வரிக்கடைசியில் பிரிக்கும் விதிகளும் சேர்ந்து வரும், அது இயங்குகிறதா என்று முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மதிப்பைப் பார்த்தபின் மாற்றப் போகும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். \பார்ஸ்கிப் 6 பிளஸ் 2 மைனஸ் 1 என்று இருக்கும்போது அதை இரட்டிப்பாக்க நினைத்து \செட்லெங்த்தில் 2\பார்ஸ்கிப் என்று எழுதினால் கிடைப்பது வெறும் 12 புள்ளி. எண்ணால் பெருக்கிய உடனே நீட்சியும் சுருக்கமும் உதிர்ந்துவிடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. \குளூஎக்ஸ்பர்\பார்ஸ்கிப்*2\ரிலேக்ஸ் என்று எழுதினால்தான் 12 பிளஸ் 4 மைனஸ் 2 வரும். மற்றது, எல்லா நீளமும் இறப்பர் இல்லை. \பார்இண்டென்ட், \டெக்ஸ்ட்விட்த், \டெக்ஸ்ட்ஹைட் எல்லாம் விறைத்த நீளங்கள். அவற்றுக்குப் பிளஸ் கொடுத்தால் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சமான பிளஸ் என்ற சொல்லை எழுத்தாகவே அச்சிடப் பார்க்கும். தலைப்பகுதியில் இதைச் செய்தால் ஆவணம் தொடங்கும் கட்டளையைக் காணவில்லை என்று சம்பந்தமே இல்லாத ஒரு பிழை வரும், காரணம் தெரியாமல் ஒரு பின்னேரம் முழுக்கப் போய்விடும்.

லொக்கை வாசிக்க அலுப்பாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. அதே கோப்பை லேடெக்கின் இன்னொரு வடிவமான லுவாலேடெக்கில் ஓட்டி, லுவா விஷுவல் டிபக் என்ற பொதியைச் சேர்த்தால் பெட்டிகளையும் குளூக்களையும் பக்கத்தின்மேலேயே வரைந்து காட்டும், எது நீண்டிருக்கிறது எது சுருங்கியிருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். டெக் லைவ் 2020 இலிருந்து லுவாலேடெக்கோடு, எழுத்துகளைச் சரியான வடிவில் கோக்கும் ஹார்ஃப்பஸ் சேர்ந்தே வருகிறது, எழுத்துருவை அழைக்கும்போது ரெண்டரர் விருப்பத்தில் அதைக் குறிப்பிட்டால் தமிழ் எழுத்து குலையாது. ஆனால் இறுதி அச்சுப்படியை சீலேடெக்கில்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் வரிமுறிவு இரண்டிலும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம், படத்தில் பார்த்ததை சீலேடெக் லொக்கில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிடிஎஃப்பில் அளப்பவர்களுக்கு ஒன்று: டெக்கின் புள்ளி அங்குலத்துக்கு 72.27, பிடிஎஃப் மென்பொருள்கள் காட்டுவது பெரும்பாலும் அங்குலத்துக்கு 72. பந்தி இடைவெளி அளவில் இந்த வேறுபாடு தெரியாது, ஆனால் 606 புள்ளி உயரத்தை அளந்தால் அங்கே 603.7 தான் வரும். அதைப் பிழை என்று நினைத்து உயரத்தைக் கூட்டிவிடாதீர்கள்.

606 ஆக்கி ஓட்டிப் பாருங்கள் தம்பி. பிறகும் ஏதாவது ஒரு பக்கம் முரண்டுபிடித்தால் அந்தப் பக்கத்தின் லொக்கில் குளூ செட் உள்ள தலைவரியிலிருந்து கடைசி வரை வெட்டி அனுப்புங்கள், எந்தக் குளூ இழுபடுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.